பெல்ட் எங்கே படிகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தமானின் டாலிகஞ்ச் சந்திப்பில் சற்று நேரம் நின்று பார்த்தால், காராச்சர்மா பக்கம் திரும்பும் கார்களில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் போவது தெரியும். வண்டூர் கடற்கரைக்குப் போகிறவர்கள் நிறைய. ஓட்டுகிறவர் பெல்ட் போட்டிருப்பார். பக்கத்தில் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தை. பின்னாலிருந்து இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு ஏழெட்டு வயதுப் பையன் நிற்பான். பின் இருக்கையின் ஜன்னலோரத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி, சொன்ன பேச்சைக் கேட்டுப் பெல்ட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் கழுத்தை அறுக்கிறது என்று மேல் பட்டையைக் கைக்கு அடியில் தள்ளிவிட்டிருப்பாள். கீழ்ப்பட்டை தொப்புளுக்கு நேராகக் கிடக்கும்.

இந்தக் கட்டுரை முதலில் அந்தப் பெண்ணைப் பற்றியது. மடியில் இருக்கும் குழந்தைக்கும் நின்றுகொண்டு வரும் பையனுக்கும் உள்ள ஆபத்தைச் சொன்னால் பெரும்பாலான பெற்றோருக்குப் புரிந்துவிடும். பெல்ட் போட்டிருக்கும் பிள்ளைக்கு என்ன குறை என்பதுதான் எளிதில் பிடிபடாதது. சட்டப்படி அவள் செய்தது சரி. அவளை அழைத்துப் போகும் பெற்றோரும் அக்கறை உள்ளவர்களே. இருந்தும் அவள் உடம்பில் அந்தப் பட்டை கிடக்கும் இடம் தவறு. வளர்ந்த பிள்ளைகளுக்கு பூஸ்டர் சீட் எதற்கு, அதை எப்போது விடலாம் என்ற கேள்விக்கான விடை முழுவதும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சட்டம். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 14 வயது நிறையாத பிள்ளையை, சீட் பெல்ட்டாலோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையாலோ பிணைக்காமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இந்த 'ஆலோ, ஆலோ'வில்தான் சிக்கல். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலும் சட்டம் நிறைவேறிவிடுகிறது. எந்த உயரம்வரை தனி இருக்கை வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அபராதத்திலிருந்து தப்ப அது போதும், விபத்திலிருந்து தப்பப் போதாது.

ஏன் போதாது என்பதற்குப் பெல்ட்டின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். இன்று எல்லாக் கார்களிலும் உள்ள மூன்று முனைப் பெல்ட்டை வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். 1959-இல் அது விற்பனைக் கார்களில் வந்தது. தோளிலிருந்து குறுக்காக ஒரு பட்டை, தொடையின் மேல் ஒரு பட்டை, இரண்டும் இடுப்பருகே ஒரே கொக்கியில் சேரும். இதற்கு எந்த உடம்பை அளவாக வைத்தார்கள்? வளர்ந்த மனித உடம்பை. இன்றைக்கும் முன் இருக்கைப் பெல்ட்டைச் சோதிக்கும் பொம்மைகளில் மிகச் சிறியது, சுமார் 150 செ.மீ. உயரமும் 50 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் உள்ள சிறு உடல்வாகுப் பெண்ணின் உருவம்தான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்காகப் பெல்ட் வடிவமைக்கப்படவே இல்லை.

இப்போது ஒரு கணக்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்கும் லாரியிலோ சாலையோர மரத்திலோ மோதுகிறது. 40 கி.மீ. பெரிய வேகம் இல்லை. ஜாரவா பழங்குடியினர் பகுதி வழியாகப் போகும் அந்தமான் டிரங்க் ரோட்டில் வண்டிகள் வரிசையாகச் செல்ல அனுமதிக்கப்பட்ட வேகமே அதுதான். காரின் முன்பக்கம் நசுங்குவதும் பெல்ட் சற்றே இழுபடுவதும் சேர்ந்து, பிள்ளையின் உடம்பு ஏறத்தாழ 60 செ.மீ. தூரத்துக்குள் நின்றாக வேண்டும். அப்படி நிற்கும்போது உடம்பின் எடையைப் போல சராசரியாகப் பத்து மடங்குக்கு மேல் விசை வேண்டியிருக்கிறது. 26 கிலோ எடையுள்ள பிள்ளையை நிறுத்த, சுமார் 270 கிலோ எடையைத் தாங்குமளவுக்குப் பிடி வேண்டும். மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொள்வேன் என்று எந்தத் தாயும் தகப்பனும் நினைக்கக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும். வேகம் 50 ஆனால் அதுவே 400 கிலோவைத் தாண்டுகிறது. விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது.

இந்த 270 கிலோவை யார் தாங்குவது? பெல்ட் தாங்குகிறது என்று சொல்லிவிட்டு நகர முடியாது, ஏனென்றால் பெல்ட்டைத் தாங்குவது உடம்பு. உடம்பில் எந்தப் பகுதி தாங்குகிறது என்பதே கேள்வி. பெரியவர்களில் தோள்பட்டைக் காறை எலும்பும் மார்புக்கூடும் மேல் பட்டையைத் தாங்குகின்றன. கீழ்ப்பட்டையைத் தாங்குவது இடுப்பெலும்பு. கையை இடுப்பின் இரு பக்கமும் வைத்து முன்புறமாக நகர்த்திப் பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முனைகள் துருத்திக்கொண்டிருப்பது விரலுக்குத் தட்டுப்படும். மோதலின்போது பெல்ட் மேலே ஏறிவிடாமல் தடுத்து நிறுத்துவது அந்த இரண்டு முனைகளே. மாட்டின் திமில் நுகத்தைப் பின்னால் நழுவவிடாமல் தாங்குகிறதே, அந்த வேலை. கன்றுக்குட்டிக்குத் திமில் எழும்பியிருக்காது. அதன் மேல் நுகம் வைக்க முடியாது.

சிறு பிள்ளைகளின் இடுப்பெலும்பு சிறியது, விளிம்பு மழுங்கியது, அதில் பல பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்த முனைகள் கெட்டிப்பட்டு நன்றாக வளர்வது பத்து வயதை ஒட்டியும் அதற்குப் பிறகு பருவமடையும் காலத்திலும்தான். 148 செ.மீ. உயரமுள்ள பெரிய பெண்மணிக்குப் பெல்ட் ஒழுங்காகப் படிகிறதே, அதே உயரத்தை நெருங்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: உயரம் ஒன்றானாலும் எலும்பு ஒன்றல்ல. போதாக்குறைக்கு, பிள்ளைகளின் தலை உடம்போடு ஒப்பிட்டால் பெரியது. எடையின் மையம் மேலே இருக்கிறது. மோதும்போது மேல் உடம்பு முன்னால் வேகமாக மடங்கும்.

தொடையில் படிந்திருக்க வேண்டிய பட்டை வயிற்றில் கிடந்தால் அப்போது நடப்பது கொடுமையானது. உடம்பு பட்டைக்கு அடியில் வழுக்கி முன்னே போகிறது. பட்டை மென்மையான வயிற்றுக்குள் அழுந்துகிறது. குடல் கிழியலாம். கல்லீரலும் மண்ணீரலும் சிதையலாம். பட்டையை அச்சாக வைத்து உடம்பு மடங்குவதால் முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதி எலும்பு குறுக்கே பிளக்கவும் செய்யும். இந்த வகை முறிவை 1948-இல் விவரித்த ஆங்கிலேயக் கதிரியக்க மருத்துவர் சான்ஸ் பெயரால் மருத்துவர்கள் அதைச் 'சான்ஸ் முறிவு' என்கிறார்கள். வயிற்றுக் காயமும் முதுகெலும்பு முறிவும் சேர்ந்து வருவதற்கு 'சீட் பெல்ட் நோய்க்குறி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றும் ஒரு பொருளின் பெயரில் ஒரு காயம் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் பிள்ளைக்குப் பெல்ட்டே வேண்டாம்' என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பெல்ட் இல்லாத பிள்ளை முன் இருக்கையில் மோதும், கண்ணாடியில் மோதும், காரை விட்டே வெளியே வீசப்படும். சரியாகப் படியாத பெல்ட்கூட பெல்ட் இல்லாததைவிட நல்லது. பூஸ்டர் வாங்கும்வரை பிள்ளை பின் இருக்கையில், மூன்று முனைப் பெல்ட்டோடு, கீழ்ப்பட்டையைத் தொடையோடு சேர்த்து எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைத்து உட்காரட்டும்.

வயிற்றுக் காயத்தின் இன்னொரு குணம் தீவில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். அது உடனே காட்டிக்கொடுக்காது. விபத்து நடந்து பிள்ளை எழுந்து நடக்கும், தண்ணீர் கேட்கும், விளையாடக்கூடச் செய்யும். வயிற்றின் குறுக்கே பட்டை அகலத்துக்கு ஒரு சிவந்த தடம் மட்டும் இருக்கும். குடல் காயத்தின் அறிகுறிகள் தெரிய மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்தத் தடத்தைக் கண்டால் மருத்துவர்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக் கவனிப்பது இதனால்தான். டாலிகஞ்சில் இருப்பவருக்கு ஜி.பி. பந்த் மருத்துவமனை பக்கம். ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூரில் இருப்பவருக்கு அது படகுத்துறைகளும் காத்திருப்பும் சேர்ந்த நெடும்பயணம். அங்கும் முடியாத சிகிச்சைக்குக் கடல் தாண்டிச் சென்னைக்கு விமானம் ஏற வேண்டும். சென்னையில் இருக்கும் தகப்பனைவிட மாயாபந்தரில் இருக்கும் தகப்பனுக்குப் பெல்ட் படியும் இடம் முக்கியம் என்று நான் சொல்வது இந்தத் தூரத்தை நினைத்துத்தான். பிள்ளை வயிற்றில் அந்தத் தடம் இருந்தால், வலியில்லை என்று அது சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

சரி, பூஸ்டர் என்ன செய்கிறது? பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கெட்டியான நுரையோ பிளாஸ்டிக்கோ கொண்ட ஒரு மேடை, பத்துப் பதினைந்து செ.மீ. உயரம், இரு பக்கமும் பெல்ட் நுழைய வழி. அதில் பிள்ளையைப் பிடித்து வைக்கும் வார் எதுவும் இல்லை. பிடிப்பது காரின் பெல்ட்டேதான். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, பெல்ட்டுக்கு ஏற்ற இடத்தில் உடம்பைக் கொண்டுவந்து வைக்கிறது. தோள் பட்டை கழுத்திலிருந்து விலகித் தோளின் நடுவில் விழுகிறது. பக்கத்துக் கொம்புகளுக்கு அடியில் போகும் கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏற முடியாமல் தொடையில் நிற்கிறது.

மூன்றாவதாக ஒரு வேலையும் அது செய்கிறது. பெற்றோர் அதைக் கவனிப்பது குறைவு. எனக்கோ அதுவே முக்கியமானதாகப் படுகிறது. காரின் பின் இருக்கை பெரியவர்களின் தொடை நீளத்துக்கு அமைந்தது. பல கார்களில் அதன் ஆழம் சுமார் 45 செ.மீ. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை 40 செ.மீ. கூட இருக்காது. முதுகைச் சாய்வோடு ஒட்டி உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் மேலேயே நீட்டிக்கொண்டிருக்கும், மடங்காது. இரண்டு நிமிடத்தில் கால் வலிக்கும். பிள்ளை என்ன செய்யும்? முழங்காலை மடக்குவதற்காக இடுப்பை முன்னால் நகர்த்தும், முதுகு சரியும். இடுப்பு முன்னால் போன கணமே கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறிவிடும். 'நேரா உட்காரு' என்று நாம் அதட்டுவதில் பயனில்லை. அந்த இருக்கையில் அந்தப் பிள்ளையால் நேராக உட்கார முடியாது. பூஸ்டரின் உட்காரும் பகுதி குட்டையானது. கால் மடங்கும், இடுப்பு பின்னால் நிற்கும்.

டாலிகஞ்சில் அக்கா வீட்டுக் காரில் அவள் மகளை உட்காரவைத்து இதைப் பார்த்தேன். ஒன்பது வயது, 131 செ.மீ. முதலில் வெறும் இருக்கையில் பெல்ட் மாட்டினோம். பட்டை காதுக்குக் கீழே கழுத்தோடு உரசியது. "மாமா, கழுத்துல குத்துது" என்றாள். சொல்லிக்கொண்டே விரலால் பட்டையைத் தள்ளிக் கைக்கு அடியில் விட்டாள். யாரும் கற்றுக்கொடுக்காமலே அந்த விரல் செய்கிற வேலை அது. எதுவும் சொல்லாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் பாவாடை மடிப்புகள் இருக்கையில் பின்தங்க, இடுப்பு நான்கு விரல் அளவுக்கு முன்னால் வந்துவிட்டது. கீழ்ப்பட்டையின் மேல் விளிம்பு தொப்புளைத் தொட்டது. பிறகு பூஸ்டரை வைத்து உட்காரவைத்தோம். பட்டை தோளின் நடுவில் விழுந்தது, கால்கள் மடங்கித் தொங்கின. அவள் சொன்ன முதல் வார்த்தை பாதுகாப்பைப் பற்றியது இல்லை: "வெளியே நல்லாத் தெரியுது!"

பூஸ்டர் எந்த அளவுக்குப் பயன் தருகிறது என்பதற்கு உறுதியான ஆய்வுகள் உண்டு. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் உண்மையான விபத்துகளைத் தொகுத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 8 வயதுள்ள பிள்ளைகளில் வெறும் பெல்ட் போட்டவர்களைவிட பூஸ்டரில் இருந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவாக இருந்தது. பிளாஸ்டிக் மேடை ஒன்று செய்யும் வேலையாக இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி, எப்போது விடலாம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் புதுப்பித்த பரிந்துரை, பெல்ட் சரியாகப் படியும்வரை பூஸ்டர் என்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது 4 அடி 9 அங்குலம், அதாவது 145 செ.மீ. உயரம் வரும்போது, 8 முதல் 12 வயதுக்குள் நடக்கும் என்றும் சொல்கிறது. அந்த 8-ஐப் பிடித்துக்கொண்டு நம் பெற்றோர் பூஸ்டரை எடுத்து வைத்துவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 11 வயதுப் பெண் பிள்ளையின் நடுத்தர உயரம் 145.0 செ.மீ., ஆண் பிள்ளையினுடையது 143.1. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட நம் நாட்டு அட்டவணையில் இந்த வயதுகளில் உயரம் அதைவிடச் சற்றுக் குறைவு. ஆக நம் பிள்ளைகளில் பாதிப் பேர் 145-ஐத் தொடப் பதினொன்றரை, பன்னிரண்டு வயதாகிறது. எட்டு வயதில் அதைத் தொடும் பிள்ளை அபூர்வம். 'ஐந்து வயசாச்சே, இனி எதுக்கு?' என்று நம் வீடுகளில் பேச்சு வருகிறது. அந்த வயதில்தான் பூஸ்டரின் வேலையே தொடங்குகிறது.

வேறு நாடுகளின் சட்டங்கள் இந்த எண்ணுக்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கின்றன. பிரிட்டனில் 135 செ.மீ. உயரம் அல்லது 12 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஜெர்மனியில் 150 செ.மீ. அல்லது 12 வயது. சிங்கப்பூரில் 135 செ.மீ. மலேசியா 2020 முதல் 136 செ.மீ. என்று வைத்திருக்கிறது. சட்டம் என்பது குறைந்தபட்சக் கோடு; எலும்பு அந்தக் கோட்டைப் பார்த்து வளர்வதில்லை. சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம் உறவுக்காரப் பிள்ளைகள் அங்கே ஒரு நாள்கூட பூஸ்டர் இல்லாமல் சொந்தக் காரில் ஏறியிருக்க மாட்டார்கள். மீனம்பாக்கத்தில் இறங்கிய அரை மணி நேரத்தில் சித்தப்பா மடியில் உட்கார்ந்து போவார்கள். அதே பிள்ளை, அதே எலும்பு.

எண் ஒரு வழிகாட்டிதான். தீர்ப்புச் சொல்ல வேண்டியது உங்கள் காரும் உங்கள் பிள்ளையும். வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, பூஸ்டர் இல்லாமல் பிள்ளையை உட்காரவையுங்கள். முதுகும் இடுப்பும் இருக்கைச் சாய்வோடு முழுதாக ஒட்டியிருக்கிறதா? அப்படி ஒட்டியிருக்கும்போதே முழங்கால் இருக்கை விளிம்பில் தாராளமாக மடங்கிப் பாதம் தரையில் படுகிறதா? தோள் பட்டை கழுத்தைத் தொடாமலும் தோளிலிருந்து வழுக்காமலும் நடுவில் போகிறதா? கீழ்ப்பட்டை தொடைகளைத் தொட்டுக்கொண்டு இடுப்பெலும்பின் மீது தாழ்வாகப் படிந்திருக்கிறதா? இந்த நான்குக்கும் ஆம் என்ற பிறகு ஐந்தாவது கேள்வி: பயணம் முழுவதும் இதே மாதிரி உட்கார்ந்திருப்பானா? ஒன்றுக்கு இல்லை என்றாலும் பூஸ்டர் இன்னும் வேண்டும்.

ஐந்தாவதில்தான் பத்து வயதுக்காரர்கள் பலரும் தவறுவார்கள், அது அவர்கள் தவறும் இல்லை. பாரடாங்குக்குச் சுற்றுலா போகும் குடும்பங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காலை 6 மணி வரிசையில் சேர்வதற்காக ஊரிலிருந்து விடியுமுன்னே டாக்ஸி கிளம்பும். பிள்ளைகள் ஏறின உடனே தூங்கிவிடுவார்கள். தூங்கும் உடம்பு பக்கவாட்டில் சாயும், இடுப்பு சறுக்கும், பெல்ட் எங்கெங்கோ போகும். இப்படிப்பட்ட நீண்ட பயணத்துக்கு முதுகும் தலைப்பக்கச் சிறகுகளும் உள்ள உயர்முதுகு பூஸ்டர் உதவும்; தூங்கும் தலையை அது நடுவிலேயே வைத்திருக்கும். முதுகில்லாத மேடை மட்டும் உள்ளவை ஓரளவு வளர்ந்த பிள்ளைக்கு. ஐரோப்பிய விதிகளில் புதிதாக அனுமதி பெறும் முதுகில்லா பூஸ்டர்கள் 125 செ.மீ.க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே. எதுவானாலும் தோள் பட்டையும் சேர்ந்த மூன்று முனைப் பெல்ட்டோடுதான் பயன்படுத்த வேண்டும். பழைய கார்களில் பின் இருக்கையின் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். அங்கே பூஸ்டர் வைக்கவே கூடாது. வாங்கும்போது இந்தியத் தர விதி ஏஐஎஸ்-072-இன்படியோ ஐரோப்பிய ஆர்44, ஆர்129 விதிகளின்படியோ சான்று பெற்றதா என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள்.

பூஸ்டருக்குப் பதிலாக வீடுகளில் சில ஏற்பாடுகள் நடக்கும். தலையணையை மடித்துப் போடுவது, கம்பளியைச் சுருட்டி வைப்பது. மோதும் நொடியில் தலையணை நசுங்கும், நழுவும். அதன் மேல் இருந்த பிள்ளை பட்டைக்கு அடியில் போய்விடும். தோள் பட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டால் மேல் உடம்பைத் தடுக்க எதுவும் இல்லை, தலை முன் இருக்கையில் மோதும். கைக்கு அடியில் விட்டால் கெட்டியான காறை எலும்பு தாங்க வேண்டிய விசை கீழ் விலா எலும்புகளுக்குப் போகிறது, அவற்றுக்கு உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. அண்ணன் தம்பி இருவரையும் ஒரே பெல்ட்டில் கட்டினால் ஒருவர் தலை இன்னொருவரை நொறுக்கும். இவற்றைவிட என்னைக் கோபப்படுத்துவது பெல்ட் போடாமலேயே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கிளிப். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு ஆணையிட்டு அவற்றை நீக்கச் சொன்னது; 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. ஓரிரு அசடர்கள் மட்டும் வாங்கும் பொருளுக்கு இத்தனை பட்டியல்கள் இருக்காது.

பின் இருக்கையைப் பற்றி நம் நாடு உரக்கப் பேசியது 2022 செப்டம்பர் 4-க்குப் பிறகுதான். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே பின் இருக்கையில் பெல்ட் போடாமல் பயணம் செய்தபோது விபத்தில் இறந்த நாள் அது. அந்தப் பேச்சு பெரியவர்களோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, கார்களின் மோதல் பாதுகாப்புக்கு நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் மதிப்பீட்டில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று 49 புள்ளிகள் ஒதுக்கியது நல்ல முன்னேற்றம். கார் வாங்குவோர் இப்போது அந்த நட்சத்திரங்களைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த மோதல் சோதனையில் உட்காரும் பிள்ளைப் பொம்மைகள் ஒன்றரை வயதும் மூன்று வயதும் உள்ளவை. ஐரோப்பாவின் யூரோ என்கேப் 2016-இலிருந்து ஆறு வயது, பத்து வயதுப் பொம்மைகளை வைத்துச் சோதிக்கிறது. அதாவது பூஸ்டர் வயதுப் பிள்ளைகளை. ஐந்து நட்சத்திரக் கார் என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கும் பெல்ட் சரியாகப் படியும் என்று அர்த்தமில்லை. அதை நம் சோதனை பார்க்கவே இல்லை. அந்தப் பொம்மைகள் இங்கும் சோதனைக்கு வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

ஆட்டோவிலும் பேருந்திலும் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அங்கே பெரும்பாலும் பெல்ட்டே கிடையாது. ஸ்கூட்டரில் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு பிணைக்கும் வாரும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரி முதல் விதி இருக்கிறது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். வாடகைக் காரில் போகிறவர்கள் முதுகில்லாத பூஸ்டரைக் கையோடு கொண்டுபோகலாம். ஒரு கிலோ, இரண்டு கிலோ எடைதான். வண்டி அமர்த்தும்போதே பின் இருக்கைப் பெல்ட்டுகள் கவருக்கு அடியில் புதைந்திருக்கின்றனவா என்று கேட்டுவிடுங்கள். புது சீட் கவர் போடும்போது பின் இருக்கைக் கொக்கிகளை உள்ளே தள்ளி மூடிவிடும் பழக்கம் சொந்தக் கார்களிலும் உண்டு.

பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்கம் வரும். 'அது பாப்பா சீட்டு, கூடப் படிக்கிறவங்க பார்த்தா சிரிப்பாங்க' என்பார்கள். அந்தக் கூச்சத்தை நாம் மதிக்க வேண்டும். அதட்டுவதைவிட, அந்த ஐந்து கேள்விகளையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுவது நல்லது. இடுப்பெலும்பு முனையை அவர்கள் விரலாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பட்டை அதற்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். ஒன்பது வயதில் இது புரியும். புரிந்த பிள்ளை, தாத்தா காரில் ஏறினாலும் தானே பட்டையை இழுத்துத் தாழ்த்தும். உயரம் குறைவான, முதுகில்லாத பூஸ்டர் வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது என்பதையும் சொல்லலாம்.

ஐந்து கேள்விகளிலும் தேறிய பிள்ளை முன் இருக்கைக்கு வந்துவிட வேண்டும் என்பதில்லை. 13 வயதுவரை பின் இருக்கைதான். முன்னால் உள்ள ஏர்பேக் பெரியவர்களின் மார்புயரத்தைக் கணக்கிட்டு வேகமாக விரிகிறது. குட்டையான பிள்ளைக்கு அது முகத்திலும் கழுத்திலும் அடிக்கும்.

ஒரு காரில் தேறிய பிள்ளை இன்னொரு காரிலும் தேறும் என்றும் சொல்ல முடியாது. இருக்கையின் ஆழம், கொக்கி இருக்கும் இடம், தோள் பட்டை தொடங்கும் உயரம் எல்லாம் காருக்குக் கார் மாறும். டாலிகஞ்சில் உங்கள் சிறிய காரில் 143 செ.மீ.யில் ஐந்துக்கும் ஆம் சொன்ன மகள், மதுரையில் மாமாவின் பெரிய காரில் பாதம் தரையில் எட்டாமல் சரிந்து உட்காரலாம். புது வண்டி வாங்கினால், ஊருக்குப் போய் வேறு வண்டியில் ஏறினால், பள்ளிச் சீருடைக்கு அளவெடுக்கும் நேரம் வந்தால் இன்னொரு முறை உட்காரவைத்துப் பாருங்கள். எல்லா வண்டிகளிலும் பட்டை எலும்பின் மேல் படியத் தொடங்கிய பிறகு பூஸ்டரைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ கொடுத்துவிடலாம், இடையில் பெரிய மோதல் எதிலும் சிக்காமல் இருந்தால்.